மருமகளுக்கு ஒரு வாக்கியம்

"வர்றவகிட்ட, 'நீ வந்தது எனக்கு சந்தோஷம்'னு சொல்லும்மா. ஸ்பானிஷ்ல நான் சொல்லித்தரேன்," என்றாள் மகள் கீர்த்தி.

"சந்தோஷம்னு என் வாயால வராதுடி," என்றாள் ஏலவார்குழலி.

மகன் உதயகுமார் ஸ்பெயினிலேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டபோது, 'அவ காஞ்சிபுரம் பக்கமே வரக் கூடாது' என்று சொன்னவள் இந்த அம்மாதான். வரப்போகும் மருமகளுக்கென்று வீட்டுத் தறியில் நெய்த கூறைப்புடவை இன்னும் பெட்டியில்தான் கிடந்தது.

"இன்னுமா கோவம்? பாவம்மா அவ."

"என் புள்ளையோட அஸ்தியைத் தூக்கிக்கினு தனியா வர்றா. அவகிட்ட எந்த வாயால சந்தோஷம்னு சொல்றது? 'நீ தனியா வந்தது எனக்கு வலிக்குது.' அதைச் சொல்லிக்குடு."

கீர்த்தி சொல்லிக்கொடுத்தாள். வாசலில் ஆட்டோ நின்றபோது, ஏலவார்குழலி அந்த வாக்கியத்தை முணுமுணுத்தபடி, பெட்டியிலிருந்து எடுத்த கூறைப்புடவையோடு எழுந்தாள்.