அறுபது கைநாட்டு

"துறைமுகத்துல சுங்கத்தை எடுத்துட்டா நூல் பாதி விலைக்கு வருமப்பா. நீ நெய்யற சேலை கப்பலேறும். துறைமுகம் பொழைச்சா உன் தறியும் பொழைக்கும்," என்றார் செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடை அப்புசாமி.

தீர்த்தகிரிக்கு அது போதும். சுங்கத்தை எடுக்கச் சொல்லித் துரைக்கு எழுதிய மனுவில் முதல் கைநாட்டைத் தானே வைத்துவிட்டு, அதோடு ஆட்டையாம்பட்டியில் தறியுள்ள வீடெல்லாம் ஏறி இறங்கினான். "நம்ம முதலாளிங்க, நம்பிப் போடுங்க," என்று அறுபது கைநாட்டு வாங்கிக் கொடுத்தான்.

"துரைக்குக் காட்ட உன் கைவேலை ஒண்ணு வேணுமே," என்றார் அப்புசாமி.

மனைவி கண்ணாத்தாளுக்கென்று நெய்த சேலையையே எடுத்து நீட்டினான்.

"ஏனுங்க, எனக்குக் கண்ணு படக்கூடாதுன்னு செவப்புக் கரையில கறுப்பு இழை ஒண்ணு உட்டிருக்கீங்களே. துரை குத்தம் சொல்லமாட்டாரா?" என்றாள் அவள்.

"அதையெல்லாம் யாரும்மா பாக்கறாங்க?" என்று சிரித்தபடி அப்புசாமி சேலையை மடித்துக்கொண்டார்.

மனு பலித்தது. சுங்கம் போயிற்று. ஆறாம் மாதம் தீர்த்தகிரியும் கண்ணாத்தாளும் நூல் வாங்கச் செவ்வாய்ப்பேட்டைக்குப் போனார்கள். கடை முழுக்கச் சேலைக் கட்டுகள்.

"நூல் வரலீங்களா, முதலாளி?"

"நூல் எதுக்கப்பா? கப்பல்ல சேலையே வந்திருச்சு. உன் விலையில பாதிதான்."

கண்ணாத்தாள் ஒரு சேலையை விரித்தாள். அடுத்ததை விரித்தாள். அதற்கடுத்ததையும்.

சீமை ஆலையில் நெய்த அத்தனை சேலையிலும், சிவப்புக் கரையில், அவளுக்குக் கண் படாமலிருக்க அவன் விட்ட அதே கறுப்பு இழை.