ஒரு ஞ-வுக்குக் காவல்

அன்று வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி, மருமகள், என் தம்பி, தம்பி மனைவி. என் மகன் வேலைக்குப் போயிருந்தான். ஆகவே அவன் சொல்வது எதுவும் சாட்சியாகாது.

தம்பியும் அவன் மனைவியும் சும்மா வந்திருந்தார்கள். சும்மா வருகிறவர்களை நான் நம்புவதில்லை.

மருமகள் எழுத்துரு வரைகிறவள். ஒரு நாளிதழ் தன் பக்கங்களுக்குப் புதிய எழுத்துகள் கேட்டிருந்தது. எல்லாம் தேறிவிட்டன, ஞ மட்டும் தேறவில்லை. பெரிதாக அச்சிட்டால் மயில் மாதிரி நிற்கும். செய்தி அளவுக்குச் சுருக்கினால் வயிறு அடைத்துக்கொண்டு மைத்துளி ஆகிவிடும்.

அன்று மாலைக்குள் ஞ வந்து சேராவிட்டால் பழைய எழுத்தையே வைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள்.

நானோ, இனி ஊரே எங்கள் மருமகளின் எழுத்தில்தான் செய்தி படிக்கும் என்று உறவுக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தேன். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

காலையிலேயே அவள் தன் அறையைக் காலி செய்ய ஆரம்பித்தாள்.

முதலில் கணினி வெளியே வந்தது. பிறகு கசக்கிய தாள்கள், பென்சில் டப்பா, மாதிரிப் புத்தகங்கள், கடிகாரம், கைபேசி. சுவரில் ஒட்டியிருந்த பழைய ஞ-க்கள் எல்லாம் உரிந்து வந்தன. கடைசியாக நாற்காலி.

"மனசு காலியானாத்தான் மாமா புதுசா ஒண்ணு வரும். ஜென் துறவிங்க வெறும் சுவரைப் பாத்துத்தான் உக்காருவாங்களாம்" என்றாள்.

மனதைக் காலி செய்ய வீட்டை ஏன் காலி செய்ய வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

நாற்காலியை அறை வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன்.

தம்பி மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். உள்ளே மருமகள் வெறுந்தரையில், சுவரைப் பார்த்து.

"சுவத்தப் பாத்து உக்கார்றதுக்குச் சம்பளம் தர்றாங்களா அத்தான்? அப்ப இவருக்கும் ஒரு வேலை சொல்லுங்க. கல்யாணம் ஆன நாள்லேருந்து இவரு அதத்தான் செய்யிறாரு."

தம்பி சிரித்தான். தன்னைக் கேலி செய்தாலும் சிரிக்கிறவன் அவன்.

நான் கதவை இழுத்துச் சாத்தினேன்.

அதன்பின் அந்த வாசலை எதுவும் தாண்டவில்லை. மனைவி அவளுக்காகக் கொண்டுவந்த தேநீரை நானே வாங்கிக் குடித்தேன். கைபேசி அடித்தபோது அதன் வாயை அடைத்தேன். நாற்காலியில் முதுகு சாய்க்கவில்லை; காவல் இருப்பவன் சாயக் கூடாது.

"உள்ள ஆள் இருக்காண்ணே, இல்ல அதையும் காலி பண்ணிட்டாளா?" என்றான் தம்பி.

ஒரு பார்வை பார்த்தேன். போய் உட்கார்ந்துகொண்டான்.

நான் தொண்டையைக்கூடச் செருமவில்லை. எனக்கு அது எளிதல்ல. பத்திரிகையில் பிழை திருத்துபவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எழுத்தைப் பற்றி என்னிடம் சொல்ல நிறைய உண்டு.

வெயில் சாய்ந்தபோது கதவு திறந்தது. வரைய ஏதாவது வேண்டும் என்றாள். சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவை நீட்டினேன். அதைப் பார்த்துவிட்டு, பென்சில் போதும் என்றாள்.

சுவரிலேயே வரைந்தாள், ஒரே மூச்சில். அடைத்துக் கிடந்த வயிறு திறந்திருந்தது. ஒரு சுழி குறைந்து, அந்த இடத்தில் வெள்ளை வந்திருந்தது.

நான் பின்னோக்கி நடந்து, கூடத்தின் கோடிவரை போய், கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். அவ்வளவு தூரத்திலும் ஞ, ஞ-வாகவே இருந்தது.

கணினியை உள்ளே எடுத்துப்போய் அதில் ஏற்றி அனுப்பினாள். குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தது. இப்போது தினமும் காலையில் நாளிதழோடு அதுவும் எங்கள் வீட்டுக்கு வருகிறது. தம்பி வீட்டுக்கும்தான்.

ஒரு திருத்தம்.

அதுவரை தினமும் நாள் முழுக்க மருமகளின் அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு ஞ-வுக்கும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்த என்னையும், அன்று அவள் சாமானோடு சாமானாக வெளியேற்றிவிட்டாள் என்று உறவுக்குள் ஒரு பேச்சு உலவுகிறது. என் மகனும் அதற்கு உடந்தை.

அது பிழை. கடைசியாக அவள் வெளியே தூக்கி வைத்தது நாற்காலியை மட்டும்தான்.

அதிலிருந்து நான் நானாகத்தான் எழுந்தேன்.