கரண்ட்டுக் கம்பியின் சுத்தமான வேலை

குடல் பரிசோதனை அறையின் தட்டில் இரண்டு சுருக்குக் கம்பிகள் கிடந்தன. குடலுக்குள் முளைக்கும் சின்னக் கட்டிகளைச் சுருக்குப் போட்டு அறுப்பதுதான் இரண்டுக்கும் பிழைப்பு. மூத்தது கரண்ட்டில் சுட்டு அறுக்கும். இளையது சூடே இல்லாமல் இறுக்கி அறுக்கும். அங்கேயே கொஞ்சம் ரத்தம் கசிந்து, தானாக நின்றுவிடும்.

அந்தக் கசிவைக் கண்டாலே மூத்ததுக்கு இளக்காரம். "கறிக்கடையாடா வச்சிருக்க? என்னைப் பாரு, ஒடம்பெல்லாம் கரண்ட் ஓடுது. ஒரு சொட்டு ரத்தம் வருதா?"

"வரலண்ணே," என்றது இளையது கூச்சத்தோடு.

அடுத்த வாரமே, கட்டியை அறுத்து வீட்டுக்கு அனுப்பிய ஒருவர் ரத்தப்போக்கோடு திரும்பி வந்தார். மூத்ததுக்குத் தலைகால் புரியவில்லை. "உன் ஆளுதான்டா! நான் அப்பவே சொல்லல?"

ரத்தம் வரும் இடத்தைக் கவ்வி அடைக்கக் கிளிப் உள்ளே போனது. பரிசோதனைக் குழாய் வழியாக அதன் குரல் கேட்டது: "இங்க சூடு பட்ட புண்ணு ஒண்ணு இருக்கு. பொருக்கு உதிர்ந்து அதுலேருந்துதான் கொட்டுது."

தட்டே மூத்ததைத் திரும்பிப் பார்த்தது. அதன் சுருக்கு மெல்லத் தளர்ந்தது.

"என்னை ஏன்டா பாக்குறீங்க? நான் வெறும் கம்பிதானே? எல்லாம் அந்தக் கரண்ட் பண்ண வேலை!"