இரண்டாம் ஆளின் இடம்

புயலறையில் இரண்டு பேருக்குத்தான் காற்று. பதிவில்லாத ஆளுக்குக் கதவு திறக்காது. ஓர் இடம் அமிர்தத்துக்கு. மற்றது, கடலுக்குப் போய் மூன்று வருடமாகத் திரும்பாத அவள் கணவனுக்கு.

பக்கத்து வீட்டுக் கனகு வெளியே நின்று கதவைத் தட்டினாள். "அக்கா, கூரை மொத்தமும் போயிடுச்சுக்கா. என்னையும் சேத்துக்க."

"ஒருவரை நீக்கினால்தான் இடம். நீக்கப்படுபவரின் பெயரையும் காரணத்தையும் சொல்லவும்" என்றது கதவு.

தாலி ஏறிய நாள் முதல் கணவன் பெயரை அமிர்தம் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஊரே சொல்லியும் பொட்டை அழித்ததில்லை. முருகனை நினைத்துக்கொண்டாள்.

"வீரமுத்து" என்றாள். "செத்துட்டாரு."

கதவு திறந்தது. அவனுக்காக மடித்து வைத்திருந்த துண்டால் கனகுவின் தலையைத் துவட்டினாள்.

"அண்ணன் வந்தா நான் வெளிய போயிடுறேன்க்கா" என்றாள் கனகு.