அப்பாவுக்கு ஒண்ணுமில்லை

"அப்பாவுக்கு நெஞ்சுல என்னவோ பண்ணுதாம், அக்கா. கேட்டா ஒண்ணுமில்லைங்கறாரு. இன்னைக்கு மட்டும் என் சீட்டைப் பார்த்துக்க முடியுமா?"

சொல்லும்போதே குரலைக் கொஞ்சம் தழதழக்க விட்டான். ஆம்புலன்ஸ் அழைப்பு மையத்தில் போன் எடுக்கிற வேலை அவனுக்கு. பதறிப்போனவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுமுனையில் பேசியவர் அவனுடைய பக்கத்து நாற்காலிக்காரர். காலையிலிருந்து வேலை பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"நெஞ்சு வலிக்காரங்க எல்லாரும் ஒண்ணுமில்லைன்னுதான் சொல்வாங்க, சின்னவரே. நீங்க அவரைப் பாருங்க. நான் இருக்கேன்."

அந்த அறையிலேயே வயதில் இளையவன் என்பதால் அவனுக்கு அங்கே அந்தப் பெயர். அதற்கு மேல் அக்கா ஒன்றும் கேட்கவில்லை. நாலு கேள்வி கேட்டிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

போனை வைத்ததும் மீசையும் சோடாபுட்டியும் அவன் முதுகில் தட்டினார்கள். இருவரும் பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளிகள். வேலைக்குக் கிளம்பித் தெருமுனைக்கு வந்தவனை வழிமறித்தது அவர்கள்தான். மைதானத்தில் ராக் கச்சேரி. மீசையின் மச்சான் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லிவிட்டதால் ஒரு டிக்கெட் மிச்சம். மைதானமோ அவன் வீட்டிலிருந்து இரண்டே தெரு. வேண்டாம், வேலை இருக்கிறது என்று பேருக்குச் சொல்லிப் பார்த்தான். அந்த மறுப்பில் உயிரில்லை என்பது அவர்களுக்கும் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது.

அப்பாவோ வீட்டில் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இருக்கிற மனிதரை வாயாலேயே படுக்க வைத்துவிட்டோமே என்று உறுத்தியது. காய்ச்சல், வயிற்றுவலி என்று தன் உடம்பின்மேல் ஒரு பொய்யைப் போட்டிருக்கலாம்.

மைதானத்துக்குள் நுழைந்ததும் டிரம்ஸ் சத்தம் விலா எலும்பில் இடித்தது. கிடார்காரன் தலையை ஆட்டிய ஆட்டத்தில் கூட்டமே ஆடியது. வரி தெரியாத பாட்டுக்கும் மூன்று பேரும் தொண்டை கிழியக் கத்தினார்கள். கொஞ்ச நேரம் எல்லாமே மறந்துபோனது.

நடுவில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் அக்கா. அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்கத்தான் இருக்கும். இந்த இரைச்சலில் எடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நாள் முழுக்க உட்கார்ந்தே வீங்கிப்போன கால்களை மேஜைக்கு அடியில் நீட்டிக்கொண்டு, அவன் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பது கண்முன் வந்தது. சட்டென்று போனைப் பைக்குள் போட்டுவிட்டான். கொஞ்ச நேரம் கழித்து வீட்டிலிருந்து இரண்டு அழைப்பு. கச்சேரிச் சத்தம் காதைப் பிளக்கிறது என்று அப்பா புலம்புவார், வேறென்ன. அதையும் எடுக்கவில்லை.

அப்போது மேடையிலிருந்து புகையைக் கிளப்பிவிட்டார்கள். கூட்டம் ஆர்ப்பரித்தது. அவனுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த பெண் மட்டும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டாள். கூட வந்த அவள் அண்ணன் அவளைத் தாங்கியபடியே அவளுடைய கைப்பையைத் தரையில் கொட்டித் தேடினான். ஆஸ்துமாவாம். மருந்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

இவன் அவளை ஓரமாக இழுத்து வந்து, முன்பக்கம் சாய்ந்தாற்போல் உட்கார வைத்தான். சோடாபுட்டி அவன் தோளை உலுக்கினான்.

"நீதானேடா அந்த வேலைல இருக்க? போன் போடு."

அந்தப் பகுதி அழைப்புகள் எல்லாம் அவன் நாற்காலிக்குத்தான் போகும். அவன் நாற்காலியில் இப்போது அக்கா. உன் போனிலிருந்து நீ பேசு என்று மீசையிடம் சொன்னான். என்ன சொல்வது, எங்கே வரச்சொல்வது என்று மீசை திருதிருவென்று விழித்தான். அந்த நேரத்தில் பெண்ணின் உதடு நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. தன் மானத்துக்காக அவளுடைய மூச்சைக் காக்க வைக்கிறோம் என்று அவனுக்கே உறைத்தது. போனைப் பிடுங்கி எண்ணை அழுத்தினான்.

"சொல்லுங்க, எங்கேயிருந்து பேசறீங்க?" அக்காவின் குரல்தான்.

அவன் குரலைத் தடிமனாக்கிக்கொண்டான். "மைதானம், மேற்கு வாசல். பொண்ணு, இருபது வயசிருக்கும். மூச்சுத்திணறல். நினைவு இருக்கு. உதடு நீலமாகுது."

சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். பதறி அழைக்கிறவர்கள் சீக்கிரம் வாங்க, சீக்கிரம் வாங்க என்பார்களே தவிர, இடத்தைச் சொல்ல மாட்டார்கள். கணினித் திரையில் நிரப்ப வேண்டிய கட்டங்களின் வரிசைப்படி, கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறவன் அந்த அறையில் உட்கார்ந்தவனாகத்தான் இருக்க முடியும்.

மறுமுனையில் தட்டச்சு ஓசை நின்றது.

"சின்னவரே." அக்கா திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "நீங்க போனை எடுக்கலையேன்னு பயந்துபோய், அந்தப் பக்கம் இருக்கற ஒரே வண்டியையும் உங்க வீட்டுக்கு அனுப்பிட்டேன். உங்கப்பா ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லைங்கறாராம். நான்தான் நம்பாதீங்க, ஏத்திக்கிட்டே கிளம்புங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க சொன்னாத்தான் வண்டியைத் திருப்ப முடியும். சொல்லுங்க, அப்பாவுக்கு நெஞ்சு வலியா, இல்லையா?"

"இல்லக்கா. நான் பொய் சொன்னேன்" என்றான்.

டிரம்ஸ் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை; தங்கையின் கையைப் பிடித்தபடி அந்த அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருக்க, அவன் இன்னொரு முறை உரக்கச் சொன்னான்.