வண்டி நுழையும் அகலம்

பூவலிங்கத்தின் உயிருக்கு ஆட்டோக்காரர் நானூறு கேட்டார். மிளகாய் மண்டிக்காரர்கள் அதை முந்நூற்றைம்பதுக்கு இறக்கிவிட்டு, இன்னும் இறங்கட்டும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, தொழில் பழக்கம். நெஞ்சைப் பிடித்தபடி பூவலிங்கம் தன் கடை மூட்டைமேல் சரிந்து கிடந்தார். அவர் மனைவி ஜெயகனி யாரையும் கேட்காமல் 108-ஐ அழைத்துவிட்டாள்.

“காசு வாங்காத வண்டி எங்க வரப்போகுது? போனை வை தங்கச்சி. வச்சாத்தான் அவனே திரும்பக் கூப்பிடுவான்” என்றார் பக்கத்துக் கடை ராசமணி.

“வைக்க மாட்டேன் அண்ணாச்சி. லைன்லயே இருக்கச் சொல்லிருக்காங்க.” போனில், “பழைய எடைமேடைக்கு எதிர்ச்சந்து சார், மூச்சு இருக்கு” என்றாள்.

வண்டி வந்தது. சந்துமுனையிலேயே நின்று அலறியது. எல்லாக் கடைக்காரர்களும் தெருவில் பாதிவரை மூட்டை அடுக்கியிருந்தார்கள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஜெயகனி முதல் அடுக்கைச் சரித்தாள்.

“ஏம்மா, சரக்கு!”

“நஷ்டத்தை எழுதி வைங்க. வழியை விடுங்க.”

வற்றல் தெருவெங்கும் சிதறியது. ஆட்கள் தும்மினார்கள், திட்டினார்கள், பிறகு அவர்களே சேர்ந்து இழுத்தார்கள். ராசமணி மட்டும் தன் அடுக்கின்முன் கையை விரித்து நின்றார். ஜெயகனி அவர் எதிரே போய் நின்றாள்.

ஆறு கடை ஒதுங்கியாயிற்று. ஒரு கடை பாக்கி.