வழுவழுப்பான பலகை

முதலில் சாய்பலகையை வழுவழுப்பானது என்று கணக்கில் எழுதினார்கள். அடுத்து அதன் உராய்வைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். பிறகு விடையோடு ஒத்துவராத நேரங்களை அழித்துத் திருத்தினார்கள். இன்று, மெதுவாக உருண்டதாகச் சொல்லி இரும்புக் குண்டை ஆய்வகத்திலிருந்தே கழிக்கப் போகிறார்கள்.

"சூத்திரப்படி இரண்டு நொடி. உனக்கு இரண்டரையா, சோம்பேறி?" என்றது கழிக்க வேண்டியவற்றின் பட்டியலை வைத்திருந்த நிறுத்துக் கடிகாரம்.

"முழு மூச்சாத்தான் ஓடினேன், அண்ணே," என்றது குண்டு.

"அவனை விடுங்க, தோழரே," என்றது பலகை அலுப்போடு. "பிடித்து இழுத்தது நான். என் மேல் எத்தனை சொரசொரப்பு என்று தடவிப் பாருங்க. ஒரு தடவையாவது என்னைக் காரணமாக எழுதுங்க."

கடிகாரம் பட்டியலில் குண்டின் பெயரை அடித்துவிட்டு வேறொன்றை எழுதியது. தராசையும் அளவுகோலையும் சாட்சிக்கு அழைத்து, உரக்க வாசித்தது:

"கழிக்க வேண்டிய பொருள்: சாய்பலகை."